காளைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

சேலம் ஜில்லா கெங்கவல்லித் தாலுகாவைச் சேர்ந்த தம்மம்பட்டியிலும், சுவேத நதியை அடுத்துள்ள கிராமங்களிலும், ஒரு கிடாரி கைமாறும்போது நடைபெறும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. "இதன் தாய் வேளைக்கு ஏழு லிட்டர் கறந்தது" என்று விற்பவர் சொல்லுவார். வாங்குபவர் மடியையும் பால் நரம்பையும் தடவிப் பார்ப்பார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழியையும் பார்க்கத் தவறமாட்டார். கிடாரியின் உடம்பில் சரிபாதி எந்தக் காளையிடமிருந்து வந்ததோ, அந்தக் காளையைப்பற்றி மாத்திரம் இருவரும் பேசுவதில்லை. "ஊசி போட்டது" என்ற இரண்டு சொற்களில் அதன் சரித்திரம் முடிந்துவிடுகிறது.

அதே கிராமத்தில் மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்தவுடன் வேறொரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. தேர்ச்சி விகிதம் கூடியிருந்தால் தலைமை உபாத்தியாயர் கெட்டிக்காரர். குறைந்திருந்தால் உபாத்தியாயர்கள் ஒருவரும் சரியில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்திருப்பவர்களில் பலர் கிடாரி வாங்கி விற்கும் அதே குடியானவர்களே. தாயின் ஒரு நாள் கறவையைக் கேட்டுக் கிடாரியை மதிப்பிட்ட கண்ணே இங்கே ஓர் ஆண்டின் விகிதத்தைக் கேட்டு உபாத்தியாயரை மதிப்பிடுகிறது.

இவ்விரண்டு தீர்ப்புகளிலும் உள்ள பிழை ஒன்றே என்று கண்டு, மாட்டுக்கு வகுத்த கணக்கைப் பள்ளிக்கூடத்திற்குக் கொண்டுசென்ற நிபுணர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் வில்லியம் ஸாண்டர்ஸ். டென்னஸி மாகாணத்தில் பால் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் 1942-இல் பிறந்தவர். டென்னஸி சர்வகலாசாலையில் பயின்று, உயிர்ப் புள்ளியியலிலும் பரம்பரைக் குணங்களை அளவிடும் சாஸ்திரத்திலும் டாக்டர் பட்டம் பெற்று, அதே சர்வகலாசாலையின் விவசாய நிலையத்தில் புள்ளியியல் நிபுணராக அமர்ந்தார். அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கொண்டுவரும் சோதனை விவரங்களுக்குக் கணக்கு வகுத்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். 2017-இல் காலமானபோது, விவசாயக் கல்லூரியில் இருந்தவர் என்பதைவிட, உபாத்தியாயர்களை அளக்க முற்பட்டவர் என்பதாலேயே அவர் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. பாராட்டும் கிடைத்தது, வசையும் குறைவில்லை.

அவருடைய கணக்கு அவரே தோற்றுவித்ததன்று. அதன் வம்சாவளி கால்நடை விருத்தியிலிருந்து வருகிறது. சிவெல் ரைட் என்பவர் அமெரிக்க விவசாய இலாகாவில் சீமைப் பெருச்சாளிகளை வளர்த்து, ஒரு குணம் எந்தெந்த வழியாக எவ்வளவு இறங்குகிறது என்று பிரித்துக் காட்டும் முறையை 1921-இல் வெளியிட்டார். அயோவா மாகாணக் கல்லூரியிலிருந்த ஜே லஷ் அதனை மாடு, பன்றி, ஆடுகளுக்குப் பயன்படுத்தி, 1937-இல் கால்நடை விருத்தித் திட்டங்களைப்பற்றி ஒரு நூல் எழுதினார். லஷ்ஷின் மாணவரான சார்லஸ் ஹெண்டர்ஸன் 1948-இல் கார்னெல் சர்வகலாசாலைக்குச் சென்று, பொலிகாளைகளை அவற்றின் பெண் சந்ததியின் பாலைக்கொண்டு நியாயமாக ஒப்பிடும் கணக்கைப் பல ஆண்டுகள் உழைத்து வகுத்தார். 1970 முதல் அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்களில் காளைகள் அம்முறைப்படியே வரிசைப்படுத்தப்பட்டன. இன்று பால் மாடு வளர்க்கும் தேசங்கள் பெரும்பாலானவற்றில் காளையின் தகுதி இக்கணக்கின் வழியிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

கணக்கின் உட்பொருள் கடினமானதன்று. நம் குடியானவர் எவரும் அறிந்துகொள்ளத் தக்கதே.

தம்மம்பட்டியில் வாகை முதலிய மரங்களில் சாமி உருவங்கள் செதுக்கும் தொழில் பெயர் பெற்றது. ஓர் உருவம் சிறப்பாக அமைந்தால், அது மரத்தின் குணத்தாலா, செதுக்கியவரின் கையாலா? ஒரே ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை காண முடியாது. அதே கை பல மரங்களில் செதுக்கியதையும், அதே மரத்தில் பல கைகள் செதுக்கியதையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் பிரியும். மாட்டின் பாலும் அப்படியே. மரவள்ளித் தோட்டத்து வரப்பில் மேய்ந்து, எப்போதாவது ஒரு கை தவிடு தின்னும் மாட்டுக்கும், கோ-4 தீவனப்புல்லும் அடர் தீவனமும் தினம் பெறும் மாட்டுக்கும் பாலில் வித்தியாசம் இருப்பது இயல்பு. அந்த வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு எவ்வளவு, வைக்கோல் போரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதே ஹெண்டர்ஸனின் வேலை.

பால் அளவில் மாட்டுக்கு மாடு காணும் வித்தியாசத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் பரம்பரையால் ஆவது என்று நிபுணர்கள் கொள்ளுகிறார்கள். எஞ்சிய முக்கால் பங்கும் தீவனம், தண்ணீர், கறப்பவர் கை, நோய், ஈன்ற பருவம் இவற்றால் ஆவது. இதை வைத்துக் கிடாரி பேரத்தைப் பார்ப்போம். ஒரு பசு தன் கறவைக்காலம் முழுவதிலும் உடனொத்த மாடுகளைவிட 400 லிட்டர் அதிகம் கறந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் நாலில் ஒன்று, அதாவது 100 லிட்டர், பரம்பரையின் பங்கு. அதில் பாதியே கன்றுக்கு இறங்கும். ஆகவே, காளை நடுத்தரமானதாக இருந்தால், அப்பசுவின் கிடாரி உடனொத்த கிடாரிகளைவிட 50 லிட்டர் அதிகம் கறக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். 400 லிட்டருக்குப் பேசி விலை கொடுத்தவருக்கு வீட்டுக்கு வருவது 50 லிட்டர். இதில் விற்றவர் பொய் சொல்லிவிட்டார் என்று கொள்ளலாகாது. தாய் கறந்தது மெய்தான். அந்தக் கறவை முழுதும் கன்றுக்கு வரும் என்று எண்ணியதே பிசகு.

காளையின் பக்கம் இதைக்காட்டிலும் சுவையானது. காளை பால் கறப்பதில்லை. அதன் பெண் சந்ததியே அதற்குச் சாட்சி. ஒரே ஒரு மகள் கறந்ததைக்கொண்டு காளையைப் புகழுவதும் இகழுவதும் கிராமங்களில் சாதாரணம். கணக்கு என்ன சொல்லுகிறதென்றால், மகள்களின் தொகையோடு 15-ஐக் கூட்டி, வரும் எண்ணால் மகள்களின் தொகையை வகுக்க வேண்டும். மகள்கள் தங்கள் உடனொத்த மாடுகளைவிட அதிகம் கறந்ததில் அந்தப் பின்னத்தளவே இனிப் பிறக்கும் மகள்களிடம் எதிர்பார்க்கத் தக்கது. ஒரு மகள் 320 லிட்டர் அதிகம் கறந்தால், பதினாறில் ஒரு பங்கான 20 லிட்டரையே நம்பலாம். பதினைந்து மகள்கள் சராசரியாக 320 லிட்டர் அதிகம் கறந்தால் பாதி, அதாவது 160 லிட்டர். அறுபது மகள்கள் அவ்வாறு கறந்தால் 256 லிட்டர். சாட்சி பெருகப் பெருக நம்பிக்கை கூடுகிறது. சாட்சி ஒன்றானால் கணக்கு அதனை ஏறக்குறையத் தள்ளியே விடுகிறது. (15 என்ற எண் பரம்பரையின் பங்கு நாலில் ஒன்று என்று கொண்டதால் வந்தது. வேறு குணங்களுக்கு வேறு எண் வரும்.)

ஸாண்டர்ஸுக்கு இது பாலபாடம். 1980-களின் தொடக்கத்தில் டென்னஸி மாகாணத்தில் திறமையுள்ள உபாத்தியாயர்களுக்கு அதிகச் சம்பளம் கொடுக்கலாமா என்ற விவாதம் எழுந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்ணைக்கொண்டு உபாத்தியாயரை அளக்க வழியில்லை என்று பலரும் சொன்னார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எந்த உபாத்தியாயரிடம் போனாலும் நன்றாக எழுதும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் விளக்கும் இல்லை, கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை. பிறகு எப்படி ஒப்பிடுவது என்பது அவர்கள் வாதம். மாட்டுப் பண்ணையில் ஒவ்வொரு நாளும் எதிர்ப்படும் கஷ்டமே இது என்பதை ஸாண்டர்ஸ் உடனே உணர்ந்தார். நல்ல தீவனம் பெற்ற மந்தையையும் பெறாத மந்தையையும் வைத்துக்கொண்டே காளையை ஒப்பிட முடியுமானால், பள்ளியில் ஏன் முடியாது?

அவர் கையாண்ட உபாயம், பிள்ளையைப் பிறருடைய பிள்ளையோடு ஒப்பிடாமல் அதனுடைய சென்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டதாகும். சென்ற ஆண்டு 35 வாங்கிய பிள்ளை இவ்வாண்டு 48 வாங்குகிறது. சென்ற ஆண்டு 85 வாங்கிய பிள்ளை 80 வாங்குகிறது. பழைய முறையில் இரண்டாவது பிள்ளையின் உபாத்தியாயரே சிறந்தவர். ஸாண்டர்ஸின் முறையில், பல பாடங்களிலும் பல ஆண்டுகளிலும் இதே போக்குத் தென்பட்டால், சிறந்தவர் முதல் பிள்ளையின் உபாத்தியாயர். வீட்டின் வறுமையும் வளமும் பிள்ளையின் பழைய மதிப்பெண்ணிலேயே அடங்கிவிட்டன என்பது அவர் கொள்கை. காளைக்குச் செய்ததுபோலவே, சில பிள்ளைகளை மாத்திரம் கொண்டு வந்த உபாத்தியாயரின் அளவைக் கணக்கு நடுத்தரத்தை நோக்கி இழுத்துவிடும்.

நாக்ஸ் கவுண்டிப் பள்ளிகளின் விவரங்களைக்கொண்டு ராபர்ட் மக்லீன் என்பவரோடு சேர்ந்து 1984-இல் முதல் அறிக்கையை எழுதினார். சில ஆண்டுகள் அதனை எவரும் அதிகமாகப் பொருட்படுத்தவில்லை. 1992-இல் டென்னஸி சட்டசபை கல்விச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியபோது இக்கணக்கு சட்டத்திலேயே இடம்பெற்றது. பள்ளிகளின் விவரத்தைப் பகிரங்கப்படுத்துவது, உபாத்தியாயரின் விவரத்தை அவருக்கும் மேலதிகாரிக்கும் மாத்திரம் தெரிவிப்பது என்று அச்சட்டம் ஏற்பாடு செய்தது; இது கவனிக்கத் தக்கது. 1994-இல் ஸாண்ட்ரா ஹார்னோடு சேர்ந்து முறையை விளக்கி ஒரு கட்டுரையும், 1996-இல் ஜூன் ரிவர்ஸோடு சேர்ந்து மற்றொன்றும் வெளியிட்டார். பின்னதில் கண்ட செய்தி தேசமெங்கும் பேசப்பட்டது. தொடக்கத்தில் ஒத்த நிலையிலிருந்த பிள்ளைகளில், அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் திறமையுள்ள உபாத்தியாயர்களிடம் பயின்றவர்களும், அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் திறமை குறைந்தவர்களிடம் பயின்றவர்களும், நூறு பேர் நிற்கும் வரிசையில் ஏறத்தாழ 50 இடங்கள் விலகி நின்றார்கள் என்பதே அச்செய்தி. மாட்டுக் கணக்கிலிருந்து வந்தவர் கல்வி மனோதத்துவ நிபுணர்களின் சபையில் இடம்பெற்றது இவ்வாறே. 2000-இல் அவர் சர்வகலாசாலையை விட்டு, புள்ளியியல் கணிப்பொறி நிரல்கள் தயாரிக்கும் எஸ்.ஏ.எஸ். நிறுவனத்திற்குச் சென்றார். அங்கிருந்து அம்முறை வேறு பல மாகாணங்களுக்கும் பரவியது.

இவ்விடத்தில் கால்நடையை அறிந்தவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். காளைக்குச் சரியாக வந்த கணக்கு உபாத்தியாயருக்கும் அவ்வளவு சரியாக வருமா?

செயற்கை முறைக் கருவூட்டல் வந்த பிறகே காளைக் கணக்கு வலுப்பெற்றது. இந்தியாவில் அம்முறை 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் தொடங்கியது. அதற்கு முன் ஊருக்கு ஒரு பொலிகாளை இருந்தது. அதன் கன்றுகள் யாவும் அந்த ஊரின் புல்லையே தின்று வளர்ந்தன. அவை நன்றாகக் கறந்தால் காளை நல்லதா, ஊர் நல்லதா என்று சொல்ல வழியில்லை. ஊசி முறையில் ஒரு காளையின் மகள்கள் நூற்றுக்கணக்கான கிராமங்களில், செழித்த வீட்டிலும் வறண்ட வீட்டிலும் பிறக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் வேறு காளைகளின் மகள்களும் பக்கத்திலேயே கட்டப்பட்டிருக்கின்றன. அதனால்தான் ஊரையும் காளையையும் பிரிக்க முடிகிறது. உபாத்தியாயரோ (இவ்வுவமையை அவர்கள் பொறுத்தருள வேண்டும்) பழைய ஊர்க்காளையின் நிலையில் இருக்கிறார். ஒரு பள்ளியில், ஒரு வகுப்பில், ஆண்டுக்கு இருபது முப்பது பிள்ளைகள். எந்தப் பிள்ளை எவரிடம் போவது என்பதும் குலுக்கலில் விழுவதன்று. குறும்பு செய்யும் பிள்ளைகளை ஒரே உபாத்தியாயரிடம் தள்ளிவிடும் தலைமை உபாத்தியாயர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. பல ஆண்டு விவரங்கள் சேர்ந்தாலும் இக்குறை முற்றும் நீங்குவதில்லை.

அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் இது குறித்து எச்சரிக்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பிள்ளைகளின் மதிப்பெண் வித்தியாசத்தில் உபாத்தியாயரால் ஆவது 1 முதல் 14 சதவிகிதம் வரையே என்று பெரும்பாலான ஆராய்ச்சிகள் காட்டுவதாக அதில் கூறப்பட்டிருந்தது. ஹூஸ்டன் நகரில் இக்கணக்கைக்கொண்டு உபாத்தியாயர்களை வேலையினின்று நீக்க ஏற்பாடு இருந்தது. தங்கள் எண் எவ்வாறு வந்தது என்று தாங்களே சரிபார்க்க வழியில்லை என்று உபாத்தியாயர்கள் வழக்குத் தொடுத்தனர். 2017-இல் நீதிபதி அவ்வாதம் விசாரணைக்கு உரியதே என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் வழக்கு சமரசமாயிற்று. தவறான எண் விழுந்த காளைக்கு நீதிமன்றம் செல்ல வழியில்லை, மனிதருக்கு உண்டு.

ஆயினும் ஸாண்டர்ஸ் பிடித்த நூல் அறுந்துவிடவில்லை. ஒரே ஆண்டின் மொத்த விகிதத்தைக்காட்டிலும், பிள்ளை எங்கிருந்து புறப்பட்டு எங்கு வந்தது என்று பார்ப்பது நியாயமானது என்பதை அவருடைய எதிரிகளிலும் பலர் ஒப்புக்கொள்ளுகிறார்கள். தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு முடிவுகளோடு முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசை வெளியிடும் வழக்கம் 2017-இல் நிறுத்தப்பட்டது. எனினும் கிராமத்தில் விகிதம் பேசப்பட்டே வருகிறது. பத்துப் பிள்ளைகள் எழுதும் சிறிய பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் விகிதம் 90 ஆகிவிடும். அப்பிள்ளை பெற்றோரோடு கூலி வேலைக்கு வெளியூர் சென்று பாதி ஆண்டு பள்ளிக்கே வராமலிருந்திருக்கலாம். இதனை விசாரியாமல் உபாத்தியாயரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்பது, ஒரு மகளைக்கொண்டு காளையை அடிமாட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இதே அவசரத் தீர்ப்புக்கு ஆளாகிறவர் இன்னொருவரும் உண்டு: ஊசி போட வரும் கால்நடை உதவியாளர். "அவர் போட்டால் பிடிப்பதில்லை" என்று ஒருமுறை சொல் கிளம்பிவிட்டால் அது அழிவதில்லை. நூறு ஊசிக்கு நாற்பது சினை பிடிக்கும் கைத்திறன் உள்ளவருக்கும், ஏதேனும் ஒரு பத்து ஊசியில் இரண்டோ அதற்கும் குறைவோ மாத்திரம் பிடிப்பது, தற்செயலாகவே ஆறில் ஒரு தடவை நேரக்கூடியது. அந்தப் பத்தில் சில மாடுகள் மூன்று நாள் கழித்து "நேற்றுதான் கத்தியது" என்று சொல்லப்பட்டவையாக இருக்கலாம். சில தாது உப்பே கண்டிராதவையாக இருக்கலாம். நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் டிரிம்பெர்கர் என்பவர் 1940-களில் செய்த சோதனைகளின் பயனாக ஏற்பட்ட விதி இன்றும் நிற்கிறது: காலையில் பருவ அறிகுறி கண்ட மாட்டுக்கு அன்று மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாள் காலையிலும் ஊசி போடுவிக்க வேண்டும். அறிகுறி கண்ட வேளையைக் குறித்து வைப்பது மாட்டுக்காரர் பொறுப்பு, உதவியாளரால் ஆகக்கூடியதன்று.

கேரளத்திலும் குஜராத்திலும் கிராமத்து மாடுகளின் பாலை வீட்டுக்கு வீடு அளந்தே காளைகளைத் தேர்ந்தெடுக்கும் சந்ததிச் சோதனைத் திட்டங்கள் நடந்து வருகின்றன. எங்கு நடந்தாலும் அத்திட்டத்துக்கு மூலப்பொருள் குடியானவர் வீட்டுக் குறிப்பே. அது இல்லாவிடில் ஹெண்டர்ஸன் கணக்குக்கும் வேலையில்லை. தம்மம்பட்டிப் பக்கத்துப் பெரிய கறவைக்காரர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்பில் காது வில்லையிலுள்ள 12 இலக்க எண்ணை எழுதிக்கொள்ளலாம். ஊசி போட்டவுடன் விந்துக் குச்சியை எறிந்துவிடாமல் கேட்டு வாங்கினால், அதன்மேல் காளையின் எண்ணும் இனமும் அச்சிட்டிருக்கக் காணலாம். அவ்வெண்ணும், அறிகுறி கண்ட வேளையும், ஊசி போட்ட வேளையும் ஒரு வரியில் அடங்கும். ஈன்ற பிறகு மாதம் ஒரு நாள், குறித்த தேதியில், காலைப் பாலையும் மாலைப் பாலையும் அளந்து எழுத வேண்டும். பால் அதிகமுள்ள நாளைத் தேடி அளக்கலாகாது. மாதம் ஒருமுறை அளந்ததை முப்பதால் பெருக்கிப் பத்து மாதங்களுக்குக் கூட்டினால் கறவைக்காலக் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே வரும். அதே ஆண்டில், அதே ஈத்தில், அதே ஊரில் கறந்த மற்ற மாடுகளின் சராசரியைப் பக்கத்தில் எழுதாவிடில் அந்தத் தொகைக்குப் பொருளில்லை. ஆகையால் நாலைந்து வீட்டார் சேர்ந்து எழுதுவது உத்தமம். பால் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இதற்கு முன்கை எடுக்கலாம். குறிப்பைப் படித்துச் சொல்ல உள்ளூர்க் கால்நடை மருந்தகம் இருக்கிறது; அதற்கு மேலும் கேட்க வேண்டியிருந்தால் தலைவாசலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1985 முதல் நடந்துவரும் நாமக்கல் கல்லூரியும் தொலைவில் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் இதே போன்ற நோட்டு ஒன்று போதும். பிள்ளையின் பெயருக்கு எதிரே சென்ற ஆண்டு மதிப்பெண், இவ்வாண்டு மதிப்பெண், பள்ளிக்கு வந்த நாட்கள் என மூன்று கட்டங்கள். மூன்று ஆண்டுகள் நிரம்பும் வரை அதனைக்கொண்டு எவர்மீதும் தீர்ப்புச் சொல்லாமல், தலைமை உபாத்தியாயரின் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.